கரண்ட் வராமல் காத்த கர்த்தர்

உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முதலில் அதற்காகவே கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

திருவொற்றியூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கணவர் ஸ்டீபன், நாலு வயது மகள் ஜெனி, நான். கணவருக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை. நான் பி.காம். படித்தவள். ஜெனிக்கு அடிக்கடி வீசிங் வருவதால் வேலைக்குப் போகவில்லை.

என்னைப் பிடித்திருந்தது நோய் இல்லை, பயம். போன வருஷம் எங்கள் பின்தெருவில் ஒரு வீட்டில் சிலிண்டர் தீப்பிடித்துக்கொண்டது. வீட்டில் யாரும் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அந்தச் சமையலறைச் சுவர் எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரியும். ஜன்னலுக்கு மேலே நாக்கு நீட்டினதுபோல் கரி. துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அது கண்ணில் படும். இறங்கி வந்ததும் ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்ப்பேன். மூடியிருக்கும். ஹாலுக்குப் போய் உட்காருவேன். மூடியிருந்ததைப் பார்த்தேனா, பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா என்று சந்தேகம் வரும். மறுபடி எழுந்து போவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்பித் தேரடி வரை போய்விட்டு, ஆட்டோவைத் திருப்பச் சொல்லி வீட்டுக்கு வந்து பார்த்தேன். மூடித்தான் இருந்தது. அன்று ஸ்டீபன் கோபப்படவில்லை. "உனக்கு கேஸ் ஏஜென்சில ஒரு வேலை வாங்கிக் குடுத்துடறேன், சம்பளமாவது வரும்" என்றார். ஆட்டோக்காரரும் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது. போதாததற்கு, ராத்திரி தூங்காமல் போனில் கேஸ் விபத்து வீடியோக்களாகத் தேடித் தேடிப் பார்ப்பேன். பார்க்கக் கூடாது என்று தெரியும். பார்ப்பேன்.

அப்புறம் ஒரு நாள் ஜெனி சமையலறையில் உட்கார்ந்து ரெகுலேட்டர் குமிழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி விளையாடிக்கொண்டிருந்தாள். சிலிண்டர் மேடைக்குக் கீழே திறந்த இடத்தில் இருந்தது. அந்த வாரமே அதற்கு ஒரு கதவு போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். சாத்தாங்காட்டில் இரும்பு மார்க்கெட் பக்கம் சொல்லி ஒரு கம்பிக் கதவு அடித்து வாங்கலாம் என்றார் ஸ்டீபன். கம்பி வழியாகக் கரப்பான் பூச்சி போகும், குழந்தை விரலை விடும் என்று நான்தான் வேண்டாம் என்றேன்.

எங்கள் சபையில் தாஸ் என்று ஒரு சகோதரர் இருக்கிறார். தச்சு வேலை, குழாய் வேலை, கரண்ட் வேலை எல்லாம் செய்வார். ஆராதனையில் கஞ்சிரா வாசிப்பவரும் அவர்தான். எங்கள் சபையார் வீடுகளில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் வெளியாளைக் கூப்பிடுவதில்லை. நம்ம சபை ஆள் இருக்கும்போது வேறு யாரையாவது கூப்பிட்டால் அது ஒரு மாதிரி. அவர் வேலையை ஏன், எப்படி என்று கேட்பதும் ஒரு மாதிரிதான். நானும் கேட்கவில்லை.

நல்ல பிளைவுட்டில் அலமாரி அடித்தார். கதவு ஓரத்தில் சுற்றிலும் ரப்பர் பட்டை ஒட்டினார். மூடினால் பொட்டி மாதிரி இறுக்கமாக உட்கார்ந்தது. "இதுக்குள்ள ஒரு கரப்பான் பூந்துச்சின்னா எம்பேர மாத்திக்கிறேன் சிஸ்டர்" என்றார். அடுப்புக்குப் போகும் டியூபுக்காகப் பலகையில் ஓட்டை போட்டு இழுத்து மாட்டினார். கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது. விறைப்பாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்லவில்லை. எப்போதும் எதையாவது சந்தேகப்படுகிறவள் என்று எனக்கே என்மேல் சலிப்பு.

கையோடு சமையலறை ஜன்னலையும் அடைத்துக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று வீசினால் ஒரு வாடை வரும். கேஸ் மாதிரி, அழுகிய முட்டை மாதிரி. அப்போது ஊரே ஒரே வேலைதான் செய்யும், ஜன்னல்களைச் சாத்தும். ஜெனிக்கு அந்த வாடை வந்தால் நெஞ்சு இழுக்கும். அதனால் ஜன்னல் இடுக்கெல்லாம் தெர்மகோல் வைத்து டேப் ஒட்டினார். இனி நிம்மதி என்று நினைத்தேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பெண்கள் உபவாச ஜெபம். எனக்காகத் தனியாக ஜெபிக்கும்படி பாஸ்டர் அம்மாவிடம் கேட்டேன். தலையில் கை வைத்து வெகுநேரம் ஜெபித்தார்கள். "பயத்த இங்கியே எறக்கி வெச்சிட்டு வெறுங்கையோட வூட்டுக்குப் போம்மா" என்றார்கள். உடம்பே லேசானதுபோல் இருந்தது. எல்லார் முன்பும் எழுந்து நின்று, ஆண்டவர் என் பயத்தை எடுத்துவிட்டார் என்று சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. நவம்பர் மாதம், மழை விட்ட சாயங்காலம். ஸ்டீபன் ஷிப்டுக்குப் போயிருந்தார். மதியம் சமைத்துவிட்டு அடுப்பை மட்டும் அணைத்தேன். ரெகுலேட்டரை மூடப் போன கையை நானே இழுத்துக்கொண்டேன். நேற்று சாட்சி சொல்லிவிட்டு இன்று குனிந்து தொட்டுப் பார்த்தால் அது அவிசுவாசம் என்று நினைத்தேன். அலமாரிக் கதவைத் திறக்கவே இல்லை. அப்படி ஒருத்தி விசுவாசத்தைப் புரிந்துகொள்வாளா என்று நீங்கள் கேட்கலாம். நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சற்று முன் அந்த வாடை வந்தது.

எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் நான் வாடை வருகிறதா என்று போட்டேன். ஆமாம், இங்கேயும் என்று ஒருவர் போட்டார். தினமும் இதே கதை என்று இன்னொருவர். கீழ்வீட்டில் எங்கள் வீட்டு ஓனர் ரஹமத் அக்கா இருக்கிறார்கள். வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவர்கள், குரல் தெருமுனைவரை கேட்கும். அவர்களும் படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தார்கள்.

"இன்னா எஸ்தரு, மணலி நாத்தம் வந்துகினு கீதா? ஜன்னல சாத்திக்கோ. புள்ளைக்கு இழுத்துக்கப் போவுது."

சாத்தினேன். ஹால் ஜன்னல்கள் இரண்டையும் சாத்தினேன். வாசல் கதவைச் சாத்தி, அடியில் ஈரத் துண்டைச் சுருட்டி வைத்தேன். குழந்தையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, எங்கள் இரண்டு பேரையும் உள்ளே வைத்து அடைத்தேன்.

வாடை குறையவில்லை. மூடிய பிறகு அதிகமானதுபோல் இருந்தது. மூடியதால் உள்ளே வந்தது தங்கிவிட்டது, கொஞ்சம் பொறுத்தால் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருவேளை நம் வீட்டிலேயே இருக்குமோ என்று ஒரு எண்ணம் வந்தது. உடனே, பார், பயம் திரும்பி வருகிறது, இடம் கொடுக்காதே என்று அதை விரட்டினேன். ஸ்டீபனுக்குப் போன் செய்ய எடுத்தேன். என்ன சொல்வார் என்று தெரியும். வைத்துவிட்டேன்.

அப்போது கரண்ட் போயிற்று.

மழைக்காலத்தில் எங்களுக்கு இது புதிது இல்லை. ஃபேன் நின்றது. நின்ற கொஞ்ச நேரத்திலேயே கொசு வந்துவிட்டது. ஜெனி சிணுங்க ஆரம்பித்தாள். காலெல்லாம் சொறிந்துகொண்டு, ஃபேன் போடு, ஃபேன் போடு என்று அழுதாள். போன் வெளிச்சத்தில் கொசுவர்த்திச் சுருளை எடுத்துத் தட்டில் வைத்தேன். சமையலறைக்குப் போய் மேடையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தேன்.

தீப்பெட்டி என் கையில் இருந்தது. குச்சியையும் எடுத்துவிட்டேன்.

அங்கேயே, சமையலறை வாசலில் நின்று யோசித்தேன். கொசுவர்த்திப் புகை ஜெனிக்கு ஆகாது. ஏற்றினால் வீசிங் வரும். ஏற்றாவிட்டால் கொசு பிடுங்கும், டெங்கு காலம் வேறு. ஏற்றவா, வேண்டாமா. கதவைத் திறந்து வைத்தால் வாடை வரும். என்னால் எதையும் ஒரேயடியாக முடிவு செய்ய முடியாது என்று வீட்டில் எல்லாரும் கேலி செய்வார்கள். அன்றும் முடிவு செய்ய முடியவில்லை. குச்சியைப் பெட்டியின் உரசும் பக்கத்தில் வைத்தபடியே கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, கரண்ட் வரட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். இந்தப் புள்ளைக்காக கரண்ட் மட்டும் வரட்டும்" என்று ஜெபித்தேன்.

வரவில்லை. கண்ணைத் திறந்தேன், இருட்டு. மறுபடியும் ஜெபித்தேன். இவ்வளவு சின்ன விஷயத்தைக்கூடக் கேட்க மாட்டீரா என்று மனசுக்குள் கோபம் வந்ததும் உண்மை.

ஹாலில் ஜெனி அழுகையை நிறுத்தினாள். வீடு சத்தமே இல்லாமல் ஆயிற்று. ஃபேன் இல்லை. ஃப்ரிட்ஜ் இரைச்சல் இல்லை. அந்த அமைதியில் அவள் கேட்டாள்.

"அம்மா, குக்கர் வெச்சிருக்கியா?"

அடுப்பில் ஒன்றும் இல்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். மெல்லிய சத்தம். குக்கர் விசில் வருவதற்கு முன் ஸ்ஸ்ஸ் என்று வருமே, அது. என் காலுக்குப் பக்கத்தில், அலமாரிக்குள்ளிருந்து வந்தது.

குச்சி கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது. எதையும் உரசவில்லை, எந்த சுவிட்சையும் தொடவில்லை, அது மட்டும் நினைவிருக்கிறது. ஜெனியை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஈரத் துண்டைக் காலால் தள்ளி, கதவை அகலத் திறந்துவிட்டுப் படியில் இறங்கினேன். பாதிப் படியில்தான் எனக்கு அது உறைத்தது. ஃப்ரிட்ஜ். சமையலறையில் அலமாரிக்கு எதிரேதான் ஃப்ரிட்ஜ் இருக்கிறது. கேஸ் கனமானது, தரையோடு போய்த் தேங்கும். ஃப்ரிட்ஜ் மோட்டாரும் தரையை ஒட்டித்தான் இருக்கும். கரண்ட் வந்து அது ஓட ஆரம்பிக்கும்போது உள்ளே ஒரு சின்னப் பொறி போதும். ராத்திரி ராத்திரியாகப் பயந்துகொண்டு பார்த்த வீடியோக்களில் பார்த்தது.

நான் எதைக் கேட்டு ஜெபித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

"ஆண்டவரே, நான் கேட்டதக் குடுத்துடாதீங்க." படி இறங்கிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னேன். "குடுத்துடாதீங்க. குடுத்துடாதீங்க."

கீழே படிக்கட்டு ஓரத்தில்தான் மீட்டர் பெட்டி. ரஹமத் அக்கா வாசலில் விசிறியோடு நின்றிருந்தார்கள்.

"அக்கா, மெயின ஆஃப் பண்ணுங்க."

"கரண்டே இல்ல. மெயின இன்னாத்துக்கு ஆஃப் பண்ணணும்?"

"வந்துடும்க்கா. இப்ப வந்துடும். மேல கேஸு."

அக்கா உடனே மீட்டர் பெட்டிப் பக்கம் திரும்பினார்கள். விசிறியைக் கீழே போட்டுவிட்டு மெயினை இழுத்து இறக்கினார்கள். டக் என்ற சத்தம் கேட்டது. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் கை இன்னும் மெயினை விடவில்லை. தெரு விளக்கு எரிந்தது. எதிர்வீட்டில் டிவி சத்தம் வந்தது. பக்கத்து மாடியில் மோட்டார் ஓட ஆரம்பித்தது. தெருப் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். தெரு முழுக்க வெளிச்சம். எங்கள் வீடு மட்டும் இருட்டாக நின்றது.

ரஹமத் அக்கா என்னைப் பார்த்தார்கள், மேலே பார்த்தார்கள். "யா அல்லாஹ்" என்று மெதுவாகச் சொல்லி, ஜெனியை என்னிடமிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் மேலே ஓடவேண்டும்போலத்தான் இருந்தது. நான்தான் வேண்டாம் என்றேன். போனை அவர்களிடம் கொடுத்துவிட்டு, துப்பட்டாவை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு மேலே போனேன். தெரு வெளிச்சம் கொஞ்சம் உள்ளே விழுந்தது. ஹால் ஜன்னல்களைத் திறந்தேன். சமையலறை ஜன்னலின் டேப்பை நகத்தால் கிழித்தேன். தெர்மகோல் பொடிப்பொடியாக முகத்தில் கொட்டியது. பிறகு அலமாரிக் கதவைத் திறந்தேன். உள்ளே அடைந்திருந்த கேஸ் முகத்தில் அடித்தது. ரெகுலேட்டர் மூக்கிலிருந்து டியூப் பாதி நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. விறைப்பாக இழுத்து மாட்டியது, கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றிருக்கிறது. குமிழைத் திருப்பி மூடினேன். சத்தம் நின்றது. படியில் எப்படி இறங்கி வந்தேன் என்று நினைவில்லை.

கேஸ் ஏஜென்சியிலிருந்து ஆள் வந்து பார்த்து, வீட்டைக் காற்றாட விட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் மெயினைப் போட்டோம். ஸ்டீபன் ஷிப்டை விட்டு ஓடி வந்தார். கேலி ஒன்றும் செய்யவில்லை. சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்று அந்த அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் தாஸ் பிரதர் வீட்டுக்கு வந்தார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு ஒரே தயக்கம். அவர் பிழைப்பு, அவர் பெயர், சபைக்குள் பேச்சு வந்துவிடுமே. நான் சொல்லத் தேவைப்படவில்லை. அவரே குனிந்து டியூபைப் பார்த்தார், ரப்பர் பட்டையை விரலால் தடவிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"எங்க வூட்லயும் இதே மாதிரிதான் அடிச்சி வெச்சிக்கிறேன் சிஸ்டர்" என்றார். "மூணு புள்ளைங்க கீது உள்ள."

கருவிப் பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். கர்த்தருடைய கிருபை, அங்கே ஒன்றும் ஆகியிருக்கவில்லை. சாயங்காலம் பையை எடுக்கத் திரும்பி வந்தபோது, தான் அலமாரி அடித்துக் கொடுத்த வீடுகளை விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாம் நம் சபைக் குடும்பங்கள். யாருக்கு முதலில் போவது என்று ஸ்டீபனிடம் கேட்டார். கைக்குழந்தை இருக்கிற வீட்டிலிருந்து தொடங்கினார்கள். இருவரும் சேர்ந்துதான் போனார்கள். அந்த வாரம் முழுக்க எங்கள் தெருக்களில் டிரில்லர் சத்தம். கதவைக் கழற்றினார், பட்டையை உரித்தார். டியூப் மாற்றும் வேலையை மட்டும் தொடவில்லை, அதற்கு ஏஜென்சி ஆளைக் கூப்பிடச் சொல்லிவிட்டார். யாரிடமும் கூலி வாங்கவில்லை. சிலர் அவரைத் திட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். தலையைக் குனிந்துகொண்டு வேலையைச் செய்தாராம். இப்போதும் எங்களுக்கு ஏதாவது வேலை என்றால் அவரைத்தான் கூப்பிடுகிறோம். ஆனால் பக்கத்தில் நின்று கேள்வி கேட்கிறேன். அவரும் பொறுமையாகப் பதில் சொல்கிறார்.

பாஸ்டர் அம்மாவிடம் போய் அழுதேன். நீங்கள் ஜெபித்தும் பயம் போகவில்லை, போனதாகச் சொன்னது பொய் ஆகிவிட்டது என்றேன். அவர்கள் என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். "நான் பயத்த எறக்கி வெக்கச் சொன்னேன். மூக்கையும் காதையும் சேத்து வெச்சிட்டு வரச் சொல்லலியேம்மா" என்றார்கள். அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

இதை வாசிக்கும் சிலர், மழையில் கரண்ட் போவதும் வருவதும் சாதாரணம், இதில் என்ன அற்புதம் என்று கேட்கலாம். நானும் எனக்குள் கேட்டுப் பார்த்தேன். எதையும் இரண்டு தடவை கேட்டுப் பார்ப்பது என் குணம். அந்த ஃப்ரிட்ஜ் மதியமெல்லாம் ஓடியும் நின்றும் இருந்திருக்கிறது. கேஸ் அலமாரிக்கு வெளியே கசிந்து தரையில் பரவும் நேரம் வந்தபோது கரண்ட் போயிற்று. அது போகாமல் இருந்தால் ஃபேன் சத்தத்தில் அந்த ஸ்ஸ்ஸ் என் காதில் விழுந்திருக்காது. என் முதல் ஜெபத்துக்கே அது வந்திருந்தால் இன்று எங்கள் சமையலறைச் சுவரையும் யாராவது மொட்டைமாடியிலிருந்து பார்த்திருப்பார்கள். மெயின் இறங்கிய பிறகுதான் வந்தது. இதற்கு எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான்.

இப்போது சிலிண்டருக்குச் சாத்தாங்காட்டுக் கம்பிக் கதவு. காற்று தாராளமாகப் போகிறது, கரப்பானும் போகிறது. சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை ஒரு தடவை மூடுகிறேன். மூடும்போதே ஒரு வரி ஜெபம். அப்புறம் ஹாலுக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறேன். சில நாள் எழுந்து போய்ப் பார்ப்பதும் உண்டு. அது பாவம் என்று இப்போது நினைப்பதில்லை. வாடை வந்தால், மணலி என்று சொல்வதற்கு முன் முதலில் எங்கள் அடுப்படியில் குனிந்து பார்க்கிறேன். பார்த்த பிறகுதான் ஜன்னலைச் சாத்துகிறேன்.

அன்பானவர்களே, நீங்களும் எதையோ கேட்டு முழங்காலில் நின்றுகொண்டிருக்கலாம். அது வராமல் இருட்டிலேயே இருக்கலாம். கோபமும் வரலாம், எனக்கு வந்தது. ஆனாலும் அவர் கையை நம்பி இன்னும் கொஞ்சம் காத்திருங்கள். அந்த அமைதியில் என்ன சத்தம் வருகிறது என்று காது கொடுங்கள். இதை வாசித்து முடித்ததும், தயவுசெய்து, எழுந்து போய் உங்கள் சிலிண்டரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

போன வாரமும் ஒரு சாயங்காலம் கரண்ட் போயிற்று. ஜெனி என் மடியில் வந்து உட்கார்ந்தாள். கொசு கடித்தது. இருவரும் பேசாமல் கொஞ்ச நேரம் காது கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு சத்தமும் இல்லை. கரண்ட் வரட்டும் என்று நான் கேட்கவில்லை. ஸ்தோத்திரம் என்று மட்டும் சொன்னேன். கீழேயிருந்து ரஹமத் அக்கா குரல் வந்தது.

"எஸ்தரு, மெயின எறக்கட்டா?"

"வேணாம்க்கா" என்றேன். "வரும்போது வரட்டும்."

— சகோதரி எஸ்தர், திருவொற்றியூர்